பயந்தவள் போட்ட வேலி

எனக்கு நாய் என்றால் பயம். ‘பிடிக்காது’ என்று சொல்லி மழுப்பலாம், உண்மை பயம்தான். குடியாத்தத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் தெருநாய் ஒன்று கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் அது. ஆட்டு மூளைத் திசுவிலிருந்து செய்த அந்தப் பழைய தடுப்பூசியின் தயாரிப்பு இந்தியாவில் 2004-ஆம் ஆண்டு இறுதியோடு நின்றுபோனது. இப்போதெல்லாம் கையில் போடுகிறார்கள், வலியும் குறைவு. ஆனாலும் நாயைக் கண்டால் இன்றும் எனக்கு முதலில் இறுகுவது வயிறுதான்.

இப்படிப்பட்டவள் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டு வாசலில் ஜூலி படுத்திருந்தது. பிறகு அதன்மேல் எனக்குப் பிரியம் வந்தது என்று எழுதினால் படிக்க நன்றாயிருக்கும்; ஆனால் வரவில்லை. கடைசிவரை அதை நான் தடவிக்கொடுத்ததே கிடையாது. ஆனால் என் மகளுக்கும் அந்தக் கிழ நாய்க்கும் இருந்த பாசத்தில் என் பயத்துக்கும் ஒரு பங்கு உண்டு. நாய்ப் பிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் வாழ்க்கைப்பட்ட வீடு நந்திதுர்க்கில். கோலார் தங்கவயலின் நான்கு பெரிய சுரங்கங்களில் அது ஒன்று. மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், உரிகம் என்பவை மற்ற மூன்று. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து தோண்டத் தொடங்கியபிறகு, வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாக இங்கே கூலிக்கு வந்தார்கள். அவர்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளுக்கு ‘லைன்’ என்று பெயர். லைனில் ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் தூக்கம் கெடும்.

எங்கள் வீட்டில் இருமியவர் மாமா, என் கணவரின் அப்பா. அண்டர்கிரவுண்டில் பாறையில் துளை போடும் மெஷினில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸை மூடியபோது, கைக்கு வந்த பணத்தைவிட நெஞ்சுக்குள் சேர்ந்திருந்த கல்தூசிதான் அதிகம் என்பார். இங்கே தங்கம் குவார்ட்ஸ் பாறைக்குள் இருந்தது. அதைத் துளைக்கும்போது கிளம்பும் சிலிக்கா தூசி நுரையீரலுக்குள் போய்த் தழும்பாக உறைந்துவிடும். சிலிகோசிஸ் என்ற அந்த வியாதியின் கொடுமை என்னவென்றால், தூசியை விட்டு வெளியே வந்து வருடக்கணக்கானாலும் அது உள்ளே முற்றிக்கொண்டே போகும். மெஷின் சத்தத்தில் மாமாவுக்குக் காதும் மந்தமாகிவிட்டது.

மைன் மூடியதும் ஊரின் இளவட்டமெல்லாம் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கியது. இருட்டோடு கிளம்பி இருட்டோடு திரும்பும் பிழைப்பு. நானும் என் கணவரும் அப்படித்தான். பகலில் லைனில் வயசானவர்களும் குழந்தைகளும் நாய்களும்தான் மிச்சம். எங்கள் வீட்டில் மாமா, அத்தை, ஜூலி, பிறகு பாப்பா.

ஜூலி நாட்டுநாய். செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். பெங்களூருக்கே குடிபோன ஒரு குடும்பம் விட்டுவிட்டுப் போன குட்டியை மாமா டீயில் வர்க்கி நனைத்துப் போட்டு வளர்த்தார்.

நான் முழுகாமல் இருந்தபோதே வீட்டில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. “குழந்தை பொறக்கறதுக்குள்ள அந்த நாயை எங்கயாவது தூரமா கொண்டுபோய் விட்டுடச் சொல்லு” என்றது என் தாய்வீடு. “ஜூலி மாதிரி குணம் எதுக்கு வரும்? குழந்தைக்காக உயிரையே விடும் பாரு” என்றது லைன்.

லைன் சொன்னதற்குக் கல்லிலேயே சாட்சி உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடு கவரும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்து நின்ற அவன் நாய்க்கும் அதில் இடம் கொடுத்து, கோவிவன் என்று பெயரையும் பொறித்திருக்கிறார்கள். கர்நாடகத்திலும் அப்படி ஒன்று உண்டு. மண்டியா மாவட்டம் ஆதகூரில் கிடைத்த பத்தாம் நூற்றாண்டுக் கல், காட்டுப்பன்றியோடு மோதிச் செத்த காளி என்ற வேட்டைநாய்க்காக எடுத்தது. இப்போது பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெருமையான விஷயம்தான். ஆனால் அந்த நாய்களுக்குக் கல் நட்டது அவை கடித்ததற்காக. எங்கள் வீட்டு நாய் யாரையும் கடிக்காமல் இருக்கவேண்டும் என்பதுதான் என் ஒரே வேண்டுதல்.

கொண்டுபோய் விடுவதும் நடக்கிற காரியமில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். அன்னியத் தெருவில் விட்ட கிழநாயை அங்கேயுள்ள நாய்கள் வாழவிடாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆக, ஜூலி இருந்தது. நான் பயந்துகொண்டே இருந்தேன்.

பாப்பா தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியபோது ஜூலிக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். நாய்க்கு ஒரு வருடம் மனுஷனுக்கு ஏழு வருடம் என்று ஊரில் ஒரு கணக்கு உண்டு. அது அவ்வளவு சரியான கணக்கில்லை. சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 104 லாப்ரடார் நாய்களின் டிஎன்ஏவில் வயதோடு சேரும் ரசாயன அடையாளங்களை மனிதர்களுடையதோடு ஒப்பிட்டு, 2020-இல் வேறொரு கணக்கு வெளியிட்டார்கள். அதன்படி நாய் முதல் வருடத்திலேயே மனித வயதில் முப்பதைத் தொட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு வயது மெதுவாக ஏறுகிறது. பன்னிரண்டு வயது நாய் என்றால் எழுபது வயது மனிதர். லாப்ரடாருக்குப் போட்ட கணக்கு நாட்டுநாய்க்கு அப்படியே பொருந்தாமல் போகலாம். எங்கள் வீட்டுக்கு என்னவோ பொருந்தியது. மாமாவுக்கும் அப்போது எழுபதை ஒட்டிய வயது.

ஜூலியின் கண்ணில் நீலம் பாரித்திருந்தது. வாசற்படி ஏறுமுன் நின்று யோசித்தது. பின்னங்காலின் மூட்டை நக்கிக்கொண்டே இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. சில ராத்திரிகளில் எழுந்து சுவர் மூலையைப் பார்த்தபடி நின்றது. “வயசாச்சு, அவ்வளவுதான்” என்றார்கள் எல்லோரும். பிரியமுள்ளவர்கள் அதற்குமேல் விசாரிக்கமாட்டார்கள். பயந்தவளுக்கு அது போதாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கால்நடை மருத்துவர் ஒருவரிடம் ஜூலியைக் கொண்டுபோகச் சொல்லி, நானும் கூடப் போய்த் துருவித் துருவிக் கேட்டேன்.

அவர் சொன்னது என் பயத்தைக் குறைக்கவில்லை. அதற்கு ஒரு திசை காட்டியது. சின்னக் குழந்தைகளைக் கடிப்பது அறியாத தெருநாய் மட்டுமல்ல, வீட்டு நாயும் பழகிய நாயும்தான். குணம் கெட்டுப்போய்க் கடிப்பதில்லை. தூங்கும்போது திடீரென்று தொட்டதால், சாப்பாட்டுத் தட்டில் கை வைத்ததால், வலிக்கிற இடத்தில் பட்டதால் கடிக்கிறது. நடை பழகும் குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருப்பதால் காயமும் முகத்திலும் கழுத்திலும் விழும். வயதான நாய்க்கு இந்த ஆபத்தெல்லாம் கூடுதல். காது கேட்காததால் ஆள் வருவது தெரியாது, கண் மங்கியதால் யார் என்று புரியாது, மூட்டுவலியால் சட்டென்று எழுந்து விலகவும் முடியாது.

“எங்க ஜூலி அப்படிப் பண்ணாது சார்” என்றார் மாமா.

“வலி வந்தா நீங்களே எரிஞ்சு விழுவீங்களே ஐயா, அது என்ன பண்ணும்?” என்றார் டாக்டர்.

மாமா சிரித்துவிட்டார். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டேன். ஜூலியின் கோணி ஜூலியின் இடம். அதில் அது படுத்திருந்தால் பாப்பா கிட்டே போகக்கூடாது. அது சாப்பிடும்போது பக்கத்தில் நிற்கக்கூடாது. மேலே ஏறுவது, வாலைப் பிடிப்பது, கழுத்தைக் கட்டிக்கொள்வது எதுவும் கிடையாது. தடவ ஆசையா, ஜூலியாக எழுந்து வரட்டும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். வருடாவருடம் வெறிநாய்த் தடுப்பூசி, வேளாவேளைக்குப் பூச்சி மருந்து, உண்ணி பார்ப்பது என் கணவரின் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: பெரியவர் ஒருவர் பார்வையில் இல்லாமல் இருவரும் ஒரே இடத்தில் இருக்கவே கூடாது. அத்தை தண்ணி பிடிக்கப் போகும் நேரத்துக்காக, அறை வாசலில் குறுக்கே ஒரு பலகை அடித்தோம்.

லைனில் சிரித்தார்கள். “நாய்க்கும் கொழந்தைக்கும் நடுவுல செக்போஸ்ட் போட்டிருக்கா மருமக” என்று தண்ணிக் குழாயடியில் பேச்சு. அத்தைக்கு வருத்தம்தான், தினமும் பலகையைத் தாண்டி நடக்கவேண்டியிருந்தது அவருக்கு. ஆனாலும் எடுக்கவில்லை.

காது கேட்காத நாயை எழுப்புவது எப்படி என்பதற்கு மாமாதான் வழி சொன்னார். “மெஷின் சத்தத்துல பேச்சு எடுபடாது. பைப்பைத் தட்டித்தான் அண்டர்கிரவுண்டுல பேசிக்குவோம். தரையைத் தட்டு, அதுக்குத் தெரியும்.” அப்படியே ஆனது. பாப்பா எட்ட நின்று குனிந்து சிமெண்ட் தரையில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவாள். கோணியில் கிடக்கும் ஜூலியின் மடியாத காது மெல்ல நிமிரும். தலை தூக்கும். வாலின் நுனி மட்டும் அசையும். எழுந்து வந்தால் வரும். வராவிட்டால் பாப்பா இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, ரயிலில் நான் வாங்கிவந்த படப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அதற்குக் கதை சொல்லுவாள். எழுத்து தெரியாத வயது. கதை முழுக்க அவள் இஷ்டம். ஜூலி பாதி கேட்டுப் பாதி தூங்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கோணியிலிருந்து முகத்தை மட்டும் நீட்டி, மோவாயைப் பாப்பாவின் பாதத்தின்மேல் வைத்திருக்கும். பாப்பா அசையமாட்டாள். கால் மரத்துப்போனாலும் “ஷ்ஷ், ஜூலி வந்திருக்கு” என்று எங்கள் வாயை அடைப்பாள்.

நினைத்தபோதெல்லாம் கட்டிப்பிடித்துப் புரண்டிருந்தால் இந்த ‘வந்திருக்கு’ அவளுக்குத் தெரிந்திருக்காது. எடுத்துக்கொண்ட பாசம் வேறு, கிடைத்த பாசம் வேறு. அவளுக்குக் கிடைத்தது இரண்டாவது.

ஒருநாள் ஜூலி உறுமியது. ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில்தான் இருந்தேன். பாப்பா தடவிக்கொண்டே போன கை இடுப்புப் பக்கம் பட்டுவிட்டது. ஜூலி முகத்தைத் திருப்பி, உதட்டை லேசாகத் தூக்கி, தொண்டைக்குள் ஒரு சத்தம். பாப்பாவை நான் வாரித் தூக்கிக்கொண்டேன். என் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது.

அத்தை துடைப்பத்தை எடுத்துவிட்டார். “கொழந்தகிட்டயே உறுமுதா இது?”

“அடிக்காதீங்க அத்தை. இன்னைக்கு உறுமினதுக்கு அடிச்சா, அடுத்த வாட்டி உறுமாமலே கடிச்சிடும்.”

இது என் சொந்தச் சரக்கில்லை, டாக்டர் சொல்லியனுப்பியது. உறுமுவது நாய் கொடுக்கும் எச்சரிக்கை. அதற்கும் முன்னால் சின்னச் சின்னதாய் வேறு எச்சரிக்கைகள் உண்டு: தலையைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். இவற்றைக் கவனித்தால் உறுமல் வரை போகவே வேண்டாம். உறுமலையும் அடித்து அடக்கிவிட்டால் நாய்க்கு மிச்சமிருப்பது பல் ஒன்றுதான்.

பாப்பா என் இடுப்பிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள்: “ஜூலிக்கு அங்க வலிக்குதா?”

“ஆமா.”

“தாத்தாவுக்கு நெஞ்சு வலிக்கற மாதிரியா?”

அன்று எனக்குப் பதில் வரவில்லை. அவள் மனதுக்குள் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிக்கொண்டாள் என்பது பிறகுதான் புரிந்தது.

மறுவாரமே டாக்டர் மூட்டுவலிக்கு மருந்து எழுதிக்கொடுத்தார். இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும்: நாம் சாப்பிடும் பாராசிட்டமாலையோ ஐபுப்ரோஃபெனையோ உடைத்து நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள், அது விஷமாகி ஈரலையோ சிறுநீரகத்தையோ கெடுத்துவிடலாம். மருந்தோடு கோணிக்கடியில் ஒரு பழைய ரஜாயும் வந்தது. ஜூலி கொஞ்சம் தேறியது.

அதன்பிறகு பாப்பா எங்கள் எல்லோரையும்விட நன்றாக ஜூலியைப் படித்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து தடவினால் கூடவே நிற்பாள். ஜூலி ஒரு கொட்டாவி விட்டதும் “ஜூலிக்குப் போதுமாம்” என்று அறிவிப்பாள். அவர்கள் கையை எடுத்துவிடவேண்டும். அப்பீல் கிடையாது.

இந்தப் ‘போதுமாம்’ ஒருநாள் திண்ணைக்குப் போனது. மாமாவோடு வேலை பார்த்த சிநேகிதர்கள் வந்து உட்கார்ந்து பழைய கதை பேசிக்கொண்டிருந்தார்கள். சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சிதறும் ராக் பர்ஸ்ட், போனஸ், ஸ்டிரைக், கோடி வீட்டுக் கல்யாணம். மாமா பேசப் பேச மூச்சு வாங்கும். ஆனால் போகச்சொல்ல மனம் வராது. நடுவே பாப்பா போய் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். “தாத்தாவுக்குப் போதுமாம்” என்றாள். பெரியவர்கள் ஒரு நிமிடம் திகைத்து, பிறகு சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்னையும் ஜூலி ஆக்கிட்டியாடி?” என்றார்.

ஆக்கித்தான் இருந்தாள். அவர் கட்டிலுக்குப் போனாலும் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் பேசுவாள். காது மந்தமானவரைத் தோளைப் பிடித்து உலுக்குவதுதான் எங்கள் எல்லோருக்கும் வழக்கம். அவர் ஒவ்வொரு தடவையும் திடுக்கிடுவார் என்பதை நாங்கள் கவனித்ததே இல்லை.

சாயங்காலம் மூவரும் சயனைடு மேடு தெரிகிற திறந்தவெளி வரை நடந்துவிட்டு வருவார்கள். அந்த மேடுகள் தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு மண். காற்றடித்தால் கண்ணைத் திறக்கமுடியாது, அதனால் காற்றில்லாத நாளாகப் பார்த்துப் போவார்கள். ஜூலி கொஞ்ச தூரம் நடந்து நிற்கும். பாப்பா நிற்பாள். மாமா அந்த இடைவெளியில் மூச்சைப் பிடித்துக்கொள்வார். யாரும் யாரையும் ‘சீக்கிரம் வா’ என்பதில்லை. மாமாவுக்கு அது கௌரவமாகவும் இருந்தது. நாய்க்காக நிற்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாமே. அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும்போது நான் பத்தடி முன்னால் போய் நின்று திரும்பிப் பார்க்கிறவள். ரயிலைப் பிடித்துப் பிழைக்கிற காலுக்கு அந்த நடை வராது. நாலு வயதுக் குழந்தைக்கு வந்தது. சொல்லிக்கொடுத்தது ஜூலி.

பாப்பா எல்கேஜி போன வருட மழைக்காலத்தில் ஜூலி சாப்பிடுவதை நிறுத்தியது. மருந்துக்கும் கேட்கவில்லை. ஒரு விடிகாலை கோணியிலேயே முடிந்துவிட்டது. “ஊருக்குப் போயிடுச்சுன்னு சொல்லிடலாம்” என்றார் அத்தை. “தூங்குதுன்னு சொல்லலாம்” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நானும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தேன். மாமாதான் மறுத்தார். தூங்குது என்றால் நாளைக்குப் பாப்பா தூங்கப் பயப்படுவாள். ஊருக்குப் போச்சு என்றால் திரும்பி வரும் என்று வாசலைப் பார்ப்பாள். குழந்தை மனநலம் படித்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். அஞ்சு வயதுப் பிள்ளைகளில் பலருக்குச் சாவு என்பது திரும்பாத காரியம் என்று இன்னும் பிடிபட்டிருக்காது. சுற்றிவளைத்துச் சொன்னால் குழப்பம் கூடும். ‘செத்துப்போச்சு’ என்று நேராகச் சொல்வதே நல்லது.

மாமா சொன்னார். அவள் அழுதாள். வீட்டுக்குப் பின்னால் என் கணவர் குழி வெட்டினார். கடப்பாரைக்கு இடம் கொடுக்காத கல்மண். வாழ்நாளெல்லாம் பாறையைத் துளைத்தவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “இன்னும் ஆழம் போ, நரி தோண்டக்கூடாது” என்று வேலை ஏவினார். பாப்பா அவர் மடியில் இருந்தாள்.

“தாத்தா, நீயும் செத்துப்போவியா?”

“போவேன் கண்ணு. இன்னைக்கு இல்ல.”

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப மெதுவாவே நட” என்றாள்.

இப்போது நந்திதுர்க்கிலும் பெங்களூரிலும் தெரிந்தவர் யாராவது ‘குழந்தை பிறக்கப்போகிறது, கிழநாய் இருக்கிறது, என்ன செய்வது’ என்று கேட்டால் நான் சொல்வது இதுதான். நாயைத் தெருவில் விடாதீர்கள். இதைச் சொல்கிறவள் இன்றும் நாயைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போகிறவள். அதே சமயம், ‘எங்கள் நாய் தங்கம்’ என்று நம்பிக் குழந்தையையும் அதையும் தனியாக விட்டுவிட்டும் போகாதீர்கள். பல்லோ நகமோ பட்டுவிட்டால், தடுப்பூசி போட்ட நாய்தானே என்று சும்மா இருக்காதீர்கள். 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்தபிறகு காப்பாற்ற மருந்து கிடையாது.

பாசம் தானாக வந்துவிடும்; அதற்கு நாம் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. நம் வேலை கண் எடுக்காமல் பார்த்துக்கொள்வது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நேரத்துக்கு ஒரு பலகை அடித்துவிடுங்கள். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.